மொட்டை மாடியில் மூன்று மஞ்சள் வட்டங்கள்

1

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அக்கா வீட்டு மொட்டை மாடிக்கு வந்து, வரிசையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். போகும்போது உங்களில் ஒருவன் கேட்டான். "மாமா, எங்கப்பாகிட்ட கேட்டா வாங்கித் தருவாரு. எந்த டெலஸ்கோப்னு மட்டும் சொல்லுங்க." எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு கனடாவுக்கு வந்துவிட்டேன். ஆறு மாதம் ஓடிவிட்டது.

இன்றைக்கு எழுத உட்கார வைத்தது ஒரு போன். இங்கே சனிக்கிழமை காலை எட்டு மணி. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தபோது மல்லிகா அக்கா கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம்.

"தம்பி, மாடியில விரிசல் விட்டுடுச்சுடா. மழை பேஞ்சா கூடத்துல சொட்டுது. வெள்ளை பெயின்ட் அடிக்க ஆள் வந்திருக்கான், நாளைக்கு ஆரம்பிக்கிறான். அந்த மூணு மஞ்ச வட்டம் இருக்கே, அதையும் சேத்து அடிச்சிடலாமான்னு கேக்குறான். என்ன சொல்ல?"

அந்த வட்டங்களை நீங்கள் மிதித்திருப்பீர்கள். டெலஸ்கோப்பின் மூன்று கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று என் மகள் யாழினி தன் கையால் போட்ட அடையாளம்.

"யாழினிகிட்ட கேட்டுச் சொல்றேன்க்கா."

"அதுக்குப் போயி அவகிட்ட கேக்கணுமா?"

கேட்கத்தான் வேண்டும். அவளுக்குப் பதினேழு வயது. இந்த வருஷம் பள்ளி முடிகிறது. செப்டம்பரில் எந்த ஊர்க் கல்லூரிக்கோ போய்விடுவாள். அதற்கு முன் ஒரே ஒரு கோடை விடுமுறைதான் இருக்கிறது. அந்த விடுமுறையில் திருச்சிக்கு வருவாளா என்று மூன்று மாதமாக நான் கேட்காமலே இருக்கிறேன். கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். இப்போது அந்தக் கேள்வியைப் பெயின்ட் அடிக்கிறவர் கேட்டுவிட்டார்.

யாழினி மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு முன் எழுப்பினால் வீட்டில் சண்டை. காத்திருக்கும் நேரத்தில், நீங்கள் கேட்டதற்குப் பதிலையும் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2

நான் படித்தவன் இல்லை. பத்தாவது, அதன் பிறகு ஐ.டி.ஐ.யில் டர்னர். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் ஒன்பது வருஷம் லேத்தில் இரும்பு கடைந்தேன். பிறகு இங்கே வந்தும் அதே வேலைதான், மிஷின் மட்டும் பெரியது. அதனால் டெலஸ்கோப்பைப் பற்றி ஒரு டர்னர் சொல்வது மாதிரிதான் சொல்வேன்.

பிள்ளைகள் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெருசா காட்டும்?" அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். மழையில் பாத்திரம் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் விழும் தண்ணீர் கொஞ்சம், அண்டாவில் விழுவது நிறைய. நட்சத்திர வெளிச்சமும் அப்படித்தான். உள்ளே இருக்கும் கண்ணாடி எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளிச்சம் பிடிக்கும். எட்டு அங்குலம் நல்ல அண்டா. பன்னிரண்டு அங்குலம் கல்யாண அண்டா.

இரண்டாவது, தாங்கி. கடைக்காரர் மவுண்ட் என்பார். குழாய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தாங்கி ஆடினால் நிலாவும் ஆடும். பணத்தில் பாதியைத் தாங்கிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அப்பாவிடம்.

தாங்கியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று மரப்பெட்டி மாதிரி தரையில் உட்காரும். குழாயைக் கையால் மேலே கீழே, இடது வலது தள்ளிக்கொள்ள வேண்டியது. இன்னொன்று முக்காலியில் நிற்கும். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்துவிட்டால், பூமி சுற்றச் சுற்ற மோட்டார் குழாயையும் சேர்த்துத் திருப்பும். பார்க்கிற நட்சத்திரம் நழுவாது.

யாழினிக்கு வேண்டியிருந்தது முதல் ஜாதி. பன்னிரண்டு அங்குலம், எங்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரையில் நிரந்தரமாக நிற்க. அவள் சேர்த்து வைத்த காசும் என் காசும் சேர்ந்தால் வாங்கலாம். நான்தான் குறுக்கே பேசினேன்.

அவள் அறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. வானத்தில் பார்க்க வேண்டியவை. பார்த்ததற்கெல்லாம் பச்சைப் புள்ளி. சிலவற்றைச் சிவப்பு மையால் அடித்திருந்தாள்.

"இது ஏன்மா அடிச்சிருக்கு?"

"ஒமேகா சென்டாரி. ஒரு கோடி ஸ்டார்ஸ் ஒரே கூட்டமா இருக்கும்ப்பா. இங்க தெரியாது. ஹொரைசனுக்கு ஒரு டிகிரி கீழயே போயிடும்."

"ஒரே ஒரு டிகிரியா?"

"ஒரே டிகிரி. ஆனா வராதுன்னா வராதுதான்."

"எங்க வரும்?"

செல்போனில் தட்டிப் பார்த்தாள். "உங்க ஊர்ல வரும். நல்லா மேலயே வரும். முப்பத்தியொரு டிகிரி."

உங்க ஊர். ஐந்து வருஷத்துக்கு முன் வந்தபோது கொசுக்கடியும் வயிற்றுப்போக்குமாகக் கஷ்டப்பட்டுவிட்டு, விமானத்தில் ஏறியதும், "அங்க எனக்கு என்ன இருக்கு? இனிமே நான் வரலை" என்று சொன்ன பிள்ளை. அதற்குப் பிறகு நானும் அவள் அம்மாவும் மாற்றி மாற்றித் தனியாகத்தான் வந்து போனோம்.

அன்றைக்குத்தான் என் புத்தி அந்தப் பக்கம் திரும்பியது. கல்யாண அண்டாவை விமானத்தில் ஏற்ற முடியாது. ஆனால் எட்டு அங்குலத்தில் குட்டையான குழாய் உண்டு, பொங்கல் பானை அளவுதான். முக்காலித் தாங்கியும் கழற்றினால் பெட்டிக்குள் போகும்.

"எட்டு இஞ்ச் போதும்மா. மோட்டார் மவுண்ட் வாங்கிக்கலாம். போட்டோ கூட எடுக்கலாம்."

யாழினி என்னை நேராகப் பார்த்தாள். "அப்பா, நீங்க எனக்கு டெலஸ்கோப் வாங்கலை. டிக்கெட் வாங்குறீங்க."

மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். "ஓகே. ஒமேகா சென்டாரிக்காக மட்டும். மூணு வாரம்."

3

குழாய் புதிது. தாங்கி பழசு, ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் வாங்கினோம். அவர் வீட்டுக்கு நான் மைக்ரோமீட்டரோடு போனேன். பற்சக்கரத்தில் எவ்வளவு லூஸ் இருக்கிறது, தண்டு நேராக இருக்கிறதா, மரை தேய்ந்திருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். என் இங்கிலீஷ் நடுவில் நின்றுபோன இடங்களில் யாழினி எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா பேசும்போது ஜன்னலைப் பார்ப்பது இங்கே வளரும் பிள்ளைகள் நிறையப் பேருக்கு வரும் பழக்கம். அந்தப் பெரியவர் மட்டும் என் தோளைத் தட்டி, நாற்பது வருஷத்தில் இப்படிப் பார்த்து வாங்கியவர் யாரும் இல்லை என்றார். அன்று வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

இந்தத் தாங்கிக்கு எதிர் எடை வேண்டும். குழாய் ஒரு பக்கம் என்றால் மறுபக்கம் இரண்டு இரும்புக் குண்டு, ஒவ்வொன்றும் ஐந்து கிலோ. அதை இங்கேயே விட்டுவிட்டேன். இரும்பை யாராவது அரியமங்கலத்துக்குச் சுமந்துகொண்டு போவார்களா? பழைய பட்டறையில் கூட வேலை பார்த்த செல்வராஜ் இப்போது அங்கேயே சொந்தமாக லேத் வைத்திருக்கிறான். அளவை அனுப்பினேன். நாங்கள் இறங்குவதற்கு முன்பே குண்டு இரண்டும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டன. அக்கா ஒன்றை எடுத்து ஊறுகாய் ஜாடி மேல் பாரம் வைத்திருந்தாள்.

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். தாங்கியின் தலையைப் பார்த்ததும், "என்ன சார் இது, பீரங்கிக்குக் கீழ வைக்கிறதா?" என்றார். பில் கேட்டார். பெரியவர் கையால் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். திரும்பி வந்தவர் யாழினியிடம் கேட்டார்.

"பாப்பா, இதுல சனி தெரியுமா?"

"தெரியும் அங்கிள். வளையமும் தெரியும்."

"எனக்கு ஏழரை நடக்குது. நேர்ல பாத்தா குறையுமா?"

அவளுக்கு ஏழரை என்றால் தெரியாது. "ஏழரை மணிக்குத் தெரியாது, லேட்டாதான் வரும்" என்றாள். சுற்றியிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். அதிகாரி பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் யாழினி, "எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஆட்டோவில் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இரண்டாம் நாள் இருட்டும் நேரத்தில் மாடியில் தாங்கியை நிறுத்தினோம். அங்கேதான் என் மானம் போனது.

சொன்னேன் அல்லவா, அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கச் சாய்க்க வேண்டும் என்று. அது எல்லா ஊரிலும் ஒரே உயரத்தில் இருக்காது. எங்கள் கனடா ஊரில் நாற்பத்து நாலு டிகிரி, அண்ணாந்து பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பதினோரு டிகிரிதான். கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரம், அவ்வளவே.

தாங்கியின் பக்கவாட்டில் அந்தச் சாய்வுக்கு ஒரு ஸ்கேல் உண்டு. யாழினி திருகைத் திருப்பத் திருப்ப முள் இறங்கியது. நாற்பது, முப்பது, இருபத்தைந்து, இருபது. டக்கென்று நின்றது. நான் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே வார்ப்பிலேயே தடுப்பாக ஒரு முட்டு. இருபதுக்குக் கீழே போகாது. குளிர்தேசத்துக்காரர்களுக்கென்று செய்த பழைய மாடல்.

மைக்ரோமீட்டர் வைத்துத் தண்டை அளந்தவன், கண்ணெதிரே இருந்த ஸ்கேலின் கடைசி எண்ணைப் பார்க்கவில்லை. கனடாவில் அது எப்போதும் நாற்பத்து நாலில் நின்றது. நம் ஊர் எத்தனையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஆயிரத்தெட்டு செக் பண்ணீங்க" என்றாள் யாழினி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இதுக்காகத்தான் வந்தேன்ப்பா."

கீழே இறங்கிப் போய்விட்டாள்.

4

மறுநாள் செல்வராஜ் பட்டறைக்குத் தாங்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா யாழினியையும் பிடித்துத் தள்ளிவிட்டாள். "வீட்டுல மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்காம போயிட்டு வா. வர்றப்ப சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எனக்கு ரெண்டு முழம் பூ வாங்கிட்டு வா." பூவுக்காகத்தான் வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வராஜ் அந்த முட்டு இருக்கும் இடத்தைப் பார்த்ததும் சிரித்தான். "ஏண்டா, கனடா போயி இதத்தான் கத்துக்கிட்டியா? முள்ளு எங்க நிக்கும்னு பாக்காம வேலைய எடுக்குறது?" பிறகு யாழினியிடம் திரும்பினான். "உங்கப்பா அந்தக் காலத்துலயே இப்படித்தான் பாப்பா. தண்டு எல்லாம் ஜோரா கடைவான். கடைசியில நீளத்துல ஒரு இஞ்ச் குறையும்."

யாழினி முதல்முறையாக நிமிர்ந்தாள். "நிஜமாவா?"

"பொய்யா சொல்றேன்? முதலாளி அந்தத் தண்டை ஒரு மாசம் சுவத்துல மாட்டி வெச்சிருந்தாரு."

நான் லேத்தைத் துடைப்பது மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

முட்டு நிற்கும் பகுதியை அரத்தால் ராவிவிடலாமா என்று பேசினோம். வார்ப்பு, விரிசல் விட்டுப்போகும். தெற்குப் பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைக்கலாமா? அவ்வளவு எடையும் ஒரு பக்கம் சாயும், ஆனி மாசக் காற்றில் கவிழும். கடைசியில் செல்வராஜ் சொன்னான். முக்காலிக்கும் தாங்கிக்கும் நடுவில் ஒரு இரும்பு ஆப்பு. "எத்தன டிகிரி வேணும்? ஒம்பதா?"

"பதினஞ்சு" என்றாள் யாழினி.

"இருபதுல ஒம்பது போனா பதினொண்ணு. கணக்கு சரிதானம்மா?"

"ஒன்பது வெச்சா திருகு முட்டுலயே நிக்கும் அங்கிள். மேல கீழ நகத்த இடம் வேணும்ல? பதினஞ்சு வெச்சா ஸ்கேல் இருபத்தாறுல நிக்கும். ரெண்டு பக்கமும் ஆடலாம்."

செல்வராஜ் என்னைப் பார்த்தான். எனக்கு அது தோன்றவில்லை என்பதுதான் நிஜம். அவள் ஒரு தாளில் படம் போட்டு, பக்கத்தில் பதினெட்டு சென்டிமீட்டர் என்று எழுதினாள். செல்வராஜ் பேனாவை வாங்கி அதை அடித்தான்.

"சென்டிமீட்டர் தையக்காரருக்கு. இங்க மில்லிமீட்டர். நூத்தியெம்பதுன்னு எழுது."

எழுதினாள். ஆப்பு தயாராக மூன்று மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் லேத் பக்கத்திலேயே நின்றாள். செல்போனை எடுத்தாள், படம் எடுப்பதற்கு.

அன்று சாயங்காலம் தாங்கி சரியாகச் சாய்ந்தது. இனி அச்சுக்கு நடுவே இருக்கும் சின்னக் குழாயில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நேர் செய்ய வேண்டியதுதான். யாழினி முட்டி போட்டுக் கண் வைத்தாள். அப்படியே இருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன்.

"அப்பா, ஸ்டார் இல்ல. யாரோ கைய தூக்கிட்டு நிக்கிறாரு!"

சிரிப்பு. நானும் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில், பச்சை உடம்பும் நீல வேட்டியுமாக ஒரு சுதைப் பொம்மை, கண்ணை உருட்டி என்னைப் பார்த்தது. வீட்டுக்கு நேர் வடக்கே ராஜகோபுரம். உச்சியிலிருந்து ஒரு நிலை கீழே, சரியாகப் பதினோரு டிகிரியில், துருவ நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார். இத்தனை வருஷம் அந்த மாடியில் துணி காயப்போட்டும் எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

அக்காவும் குனிந்து பார்த்தாள். "அவரு அங்கதான்டி இருக்காரு, எங்க போவாரு?"

"அத்தை, அவரு நகர மாட்டார்ல?"

"நல்லா கேட்டே போ."

"அப்ப அவரே போதும்" என்றாள் யாழினி. செல்போனில் திசையைச் சரிபார்த்து, அந்தப் பொம்மையின் தூக்கிய கையை நடுப்புள்ளியில் நிறுத்தினாள். தெற்கே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்தாள். தாங்கியை ஒரு நூல் அளவு திருப்பினாள். மறுபடி பார்த்தாள். முக்கால் மணி நேரத்தில் நட்சத்திரம் நழுவாமல் நின்றது. போட்டோ எடுக்கப் போதாது, பார்ப்பதற்குத் தாராளம் என்றாள்.

பிறகு குழாயை மலைக்கோட்டைக்கு மேலே, ஊர் வெளிச்சத்தைத் தாண்டி ஒமேகா சென்டாரி பக்கம் திருப்பினாள். கண் வைத்தாள். வெகுநேரம் கழித்து நகர்ந்து, "பாருங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாளிலிருந்துதான் நீங்கள் வந்தீர்கள். ஒருத்தி சொன்னாளே, "யாழினிக்கா, சக்கரை டப்பா கவுந்த மாதிரி இருக்குக்கா." அதுவரை உங்கள் ஊரில் அவளை அக்கா என்று யாரும் கூப்பிட்டதில்லை. அதன் பிறகு தினமும் ஏழரை மணிக்கே மாடிக்குப் போய்விடுவாள். கடைசி வாரம்தான் மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்து வட்டம் போட்டாள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். நீங்கள் வாங்குவதானால் எட்டு அங்குலம், மரப்பெட்டித் தாங்கி. அதற்குத் துருவ நட்சத்திரமும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். முக்காலித் தாங்கிதான் வேண்டும் என்றால், முதலில் ஸ்கேலின் கடைசி எண்ணைப் பாருங்கள். பதினொன்றுக்குக் கீழே போக வேண்டும்.

5

திரும்பும்போது அக்கா கட்டிய பொடியும் வடகமும் பெட்டியை அடைத்துக்கொண்டன. தாங்கியையும் ஆப்பையும் அங்கேயே விட்டுவிட்டோம். "அடுத்த தடவை எடுத்துக்கலாம்" என்றேன். யாழினி பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். இங்கே வந்ததும் பள்ளி, விண்ணப்பங்கள், தோழிகள். குழாயை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. தமிழும் பழையபடி ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று சுருங்கிவிட்டது. அக்கா வீட்டுக் கட்டில் அடியில் கிடக்கும் தாங்கியை அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

பதினொன்றரைக்குத் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்தாள். காபி கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை பொறுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். சாதாரணமாகச் சொல்வது மாதிரிதான் சொன்னேன்.

"அத்தைக்கு போன் போடுங்கப்பா."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அத்தை, கூடத்துல எங்க சொட்டுது?"

"டிவிக்கு மேலயேம்மா. பாத்திரம் வெச்சிருக்கேன்."

"அப்ப அடிச்சிடச் சொல்லுங்க. வட்டத்தையும் சேத்து."

மண்வாரியை எடுத்தேன். பனியாவது தள்ளலாம்.

"நிஜமாவாடி?" என்றாள் அக்கா. "ஆசையா போட்டியே."

"இருங்க அத்தை." யாழினி மேலே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு தாள். செல்வராஜ் பட்டறையில் ஆப்புக்குப் படம் போட்ட அதே தாள், மடிப்பெல்லாம் கருப்பாகக் கிரீஸ். பின்பக்கத்தைத் திருப்பினாள். மாடியின் படம். மூன்று வட்டம், கைப்பிடிச் சுவரிலிருந்து கோடு, ஒவ்வொரு கோட்டிலும் எண்.

"மேற்குச் சுவத்துலேர்ந்து ஆயிரத்து தொள்ளாயிரத்து முப்பது. வாசப்பக்கச் சுவத்துலேர்ந்து ரெண்டாயிரத்து நூத்திப் பத்து. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன் அத்தை. பெயின்ட் நல்லா காயட்டும். ஜூலைல நான் வந்து திரும்பப் போட்டுக்கறேன்."

"என்னடி, ஆயிரம் ரெண்டாயிரம்னு? அடியா, முழமா?"

"மில்லிமீட்டர் அத்தை" என்றாள் யாழினி.